படகை விட்டு இறங்கக் கூடாது

என் மனைவி சைக்கிள் ஓட்டக் கூடாது என்று நான் முடிவு செய்திருந்தேன். இந்த முடிவை வீட்டில் எடுக்கவில்லை. கடையில், யாரும் இல்லாதபோது எடுத்தேன். எனக்கு முடிவுகள் அங்கேதான் நன்றாக வரும்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வாடகை சைக்கிள் கடை என்னுடையது. என் பெயர் கோபால். போர்டில் அந்தப் பெயரைத் தேட வேண்டாம். 'சுலோச்சனா சைக்கிள் மார்ட்' என்றுதான் இருக்கும். கல்யாணமான புதிதில், ஒரு வேகத்தில் எழுதி வைத்தது. வேகம் தணிந்த பிறகும் பெயிண்ட் தணியவில்லை. ஒவ்வொரு வண்டியின் பின் மட்கார்டிலும் சிவப்பு எழுத்தில் அதே பெயர். நான் ஊரில் எந்தத் தெருவில் திரும்பினாலும் என் மனைவியின் பெயர் மணியடித்துக்கொண்டு என்னைக் கடந்து போகும்.

வினையைக் கொண்டு வந்தது யூனியன் ஆபீசுக்குப் புதிதாக வந்த கிராம சேவிகை. என் கடையில் லேடீஸ் சைக்கிள் ஒன்றே ஒன்று இருந்தது. நடுக்கம்பி இல்லாத பச்சை வண்டி. மாற்றலாகிப் போன ஒரு டீச்சரம்மா விற்றுவிட்டுப் போனது. எடுக்க ஆளில்லாமல் மூலையில் ஒட்டடை கட்டிக்கொண்டு நின்றது. கிராம சேவிகை வந்தாள். துடைக்கச் சொன்னாள். ஏறினாள். பக்கத்து ஊரான பெருநகருக்குப் போகும் ரோட்டில் போயே போய்விட்டாள். எனக்குச் சாப்பாடு கொண்டு வந்த சுலோச்சனா, தூக்குச் சட்டியைக் கீழே வைக்கவும் மறந்து அந்த ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாம்பாரை மறந்து அவள் எதையாவது பார்த்தால் எனக்குச் செலவு வரப்போகிறது என்று அர்த்தம்.

நான் முதல் கவளத்தை எடுத்தபோதே ஆரம்பித்துவிட்டாள்.

"நானும் ஓட்டறேன்."

"இன்னாத்த?"

"சைக்கிள."

"ஊரு சிரிக்கும்."

"கடைக்கு எம் பேரு. வண்டிக்கு எம் பேரு. ஊர்ல கீறவங்க அத்தினி பேரும் ஓட்டறாங்க. நான் ஓட்டினா மட்டும் சிரிப்பு வந்துடுமா?"

பதில் இல்லாத இடத்தில் கோபித்துக்கொள்வது ஆண்பிள்ளைக்கு அழகு என்பதால் கோபித்துக்கொண்டேன்.

உண்மைக் காரணத்தை உங்களிடம் சொல்லலாம். நீங்கள் உத்திரமேரூரில் இல்லை. ஏரிக்கரைக்கு அந்தக் கோடியில் ஒரு பம்ப்செட் கொட்டகை. மத்தியான வேளைகளில் நாங்கள் நாலைந்து பேர் அங்கே கூடிச் சீட்டில் கழுதை ஆடுவோம். காசு வைப்பதில்லை. தோற்றவன் கழுதை, அதோடு சரி. வீட்டில் நான் சொல்லிவிட்டு வருவது, ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கக் காஞ்சிபுரம் போகிறேன் என்று. ஏரிக்கரை நீண்ட கரை. சுலோச்சனா நடந்து வந்தால் புள்ளியாகத் தெரியும்போதே பார்த்துவிடலாம். புள்ளி பொம்பிளையாக வளர்வதற்குள் சீட்டை மடித்து, ஆளுக்கொரு வரப்பில் இறங்கி, பத்து நாளாகச் சீட்டையே தொடாதவர்கள் போல முகத்தை மாற்றிக்கொள்ள நேரம் இருக்கும். சைக்கிளில் வந்தால்? புள்ளியாகத் தெரிந்த மறு நிமிஷம் மணி காதருகே கேட்கும். என் நிம்மதி மொத்தமும், அவள் நடந்து வருகிறவள் என்பதில்தான் நின்றுகொண்டிருந்தது.

சுலோச்சனா சண்டை போடவில்லை. சண்டை என்றால் எனக்குப் பழக்கம் உண்டு. அவள் பேச்சைக் குறைத்தாள். பிறகு குழம்பில் புளியைக் குறைத்தாள். ரசத்தில் மிளகைக் குறைத்தாள். அந்த வாரக் கடைசியில் என் தட்டில் சோறும் வெந்நீரும் மட்டும்தான் பெயர் சொல்லும்படி இருந்தன. சைக்கிளைத் தவிர வேறு எதைக் கேட்டாலும் தருவதாகச் சொல்லிவிட்டேன்.

என்ன தருவது என்ற யோசனையை எனக்குக் கொடுத்தவர் அஹமது பாட்சா பாய். என் கடையை ஒட்டி விறகுத்தொட்டி வைத்திருப்பவர். மகாபலிபுரத்துப் பக்கம் பக்கிங்காம் கால்வாயில் படகுகளில் சவுக்குக் கட்டை வந்து இறங்கும். இவருடைய லாரி போய் அதை ஏற்றி வரும். அந்தக் கால்வாயைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பாய் விறகு நிறுப்பதை நிறுத்திவிடுவார். இரண்டு பக்கமும் சவுக்குத் தோப்பு, அந்தாண்டை கடல் காற்று, நடுவே சத்தமில்லாமல் போகும் படகு. நான் கண்ணை மூடிக் கேட்பேன். மிதிக்க வேண்டாம், காற்றடிக்க வேண்டாம், பஞ்சர் இல்லை. என் தொழிலில் இருப்பவனுக்கு சொர்க்கம் என்றால் அதுதான்.

அந்தப் படகில் ஒன்றை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, கோவளம் வரை போய்த் திரும்பலாம் என்று சுலோச்சனாவிடம் சொன்னேன். பாயும் பக்கத்தில் இருந்தார். அவள் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"படவுல இட்டுக்கினு போனா சைக்கிள் பேச்ச எடுக்க மாட்டேன். ஆனா ஒண்ணு. காலைல ஏறினா, சாயந்தரம் படவுக்காரரு போதும்னு சொல்ற வரிக்கும் நீங்க எறங்கக் கூடாது."

"எறங்கினா?"

"நான் சைக்கிள் ஓட்டுவேன். பஜார்ல ஓட்டுவேன். நீங்க ஒரு வார்த்த கேக்கக் கூடாது."

எதற்காக இந்த நிபந்தனை என்றால், நான் எங்கே கூட்டிப் போனாலும் பாதியில் நழுவிவிடுகிறேனாம். அவளுடைய தம்பி தாலி கட்டியபோது நான் பந்தலில் இல்லையாம். தேர் நிலைக்கு வந்தபோது நான் நிலையில் இல்லையாம். எல்லாம் வாஸ்தவம். ஆனால் தண்ணீருக்கு நடுவில் நழுவி எங்கே போவது? வாக்குக் கொடுத்தேன். பாய் சாட்சி. தானே ஆள் அனுப்பிப் படகு பேசி வைப்பதாகவும் சொல்லிவிட்டார். அன்றைக்கே குழம்புக்குப் புளி திரும்பிவிட்டது.

தை மாதம், அறுப்பு நேரம். முதல் பஸ்ஸைப் பிடித்துச் செங்கல்பட்டு, அங்கே மாறித் திருக்கழுக்குன்றம், அங்கே மாறிக் கால்வாய்த் துறை என்று போய்ச் சேர்ந்தோம். சுலோச்சனா ஒரு கூடை நிறையச் சோற்று மூட்டையும், ஒரு குடம் மோரும் கொண்டு வந்திருந்தாள். இரண்டு பேருக்கு எதற்கு ஒரு குடம் என்று கேட்டேன். வெயில், தாகம் எடுக்கும் என்றாள். என் மேல் அவளுக்கு இவ்வளவு அக்கறையா என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

படகுக்காரர் பெயர் செங்கேணி. படகு நீளமாக, கறுப்பாக, சவுக்குப் பட்டையும் தூளுமாகக் கிடந்தது. நான் தொழில் முறைப்படி சுற்றிப் பார்த்தேன். வாடகை வண்டியை எடுக்கும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று எனக்கா தெரியாது? ஒழுகுமா என்று கேட்டேன். ஒழுகும், மொண்டு ஊற்றலாம் என்றார். பிரேக் எங்கே என்று கேட்டேன். செங்கேணி என் மனைவியைப் பார்த்தார். அவள், "அவுரு அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு ஏறி ஜமக்காளத்தை விரித்தாள். நானும் ஏறி உட்கார்ந்தேன். காலை நீட்டினேன். வாக்கில் பாதியை நிறைவேற்றிவிட்ட திருப்தி.

செங்கேணி ஒரு நீளமான கயிற்றைப் படகின் முனையில் கட்டினார். மறு நுனியைச் சுருட்டிக் கொண்டு வந்து மரியாதையாக என் மடியில் வைத்தார்.

"இது இன்னாத்துக்கு?" என்றேன்.

"இழுக்கறதுக்கு, மொதலாளி. வாடைக் காத்து எதுத்து அடிக்குது. வரப்ப பாய்மரத்துல பாய் விரிச்சிட்டா தானா வந்துடும். போறப்ப ஒரு ஆளு கரைல நடந்து இழுக்கணும். நான் படவுல நின்னு கழி போட்டுத் தள்ளுவேன்."

"அந்த ஆளு எங்க?"

"நீங்கதான். எப்பவும் ரெண்டு ஆளா வருவோம். ஊட்டுக்காரரே நல்லா இழுப்பாரு, ஒத்த ஆளு போதும்னு அம்மா சொல்லியனுப்ச்சாங்களே."

நான் சுலோச்சனாவைப் பார்த்தேன். அவள் எதிர்க்கரையில் ஒரு கொக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏரிப் பாசன ஊரில் பிறந்தவன் நான். எங்கள் ஊரில் மதகைத் திறந்தால் தண்ணீர் தானாக ஓடும். கால்வாய் என்றால் தண்ணீர் ஓடும், தண்ணீர் ஓடினால் படகு ஓடும் என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. இந்தக் கால்வாயில் தண்ணீர் எந்தப் பக்கமும் போகாமல் என்னைப் போலவே உட்கார்ந்திருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டபோதெல்லாம் பாய், கரையில் ஒருவன் மாடு மாதிரி இழுத்துக்கொண்டு போவான் என்பதை மட்டும் சொல்லவில்லை. வேறு ஆள் கிடைக்குமா என்று கேட்டேன். எல்லோரும் அறுப்புக்குப் போய்விட்டார்களாம்.

"எறங்கி இழுக்கறீங்களா?" என்றாள் சுலோச்சனா, கொக்கை விடாமல்.

அந்த நிமிஷம் என் மூளை வேலை செய்தது. அது அடிக்கடி நடப்பதில்லை. அதனால் நன்றாக நினைவிருக்கிறது.

"படவு போகணும்னு பேச்சே இல்ல," என்றேன். "நான் எறங்கக் கூடாதுங்கறதுதான் பேச்சு. இங்கியே உக்காந்திருப்போம்."

அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "சரிங்க. உக்காருங்க," என்றாள். செங்கேணி படகை மறுபடியும் முளையில் கட்டிவிட்டுக் கரையில் ஒரு சவுக்கு நிழலில் போய்ப் படுத்துவிட்டார்.

இப்படியாக எங்கள் படகுப் பயணம் தொடங்கியது.

ஓடாத படகில் இருப்பவனை எல்லோரும் பார்ப்பார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. உப்பு மூட்டைக்காரர்கள் பார்த்தார்கள். துணி துவைக்க வந்த பெண்கள் துவைப்பதை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். ஏன் படகு போகவில்லை என்று ஒவ்வொருவரும் செங்கேணியைக் கேட்க, அவர் படுத்தபடியே, முதலாளி இறங்க மாட்டேன் என்கிறார் என்று சொல்லிவந்தார். கொஞ்ச நேரத்தில் செய்தி வளர்ந்தது. நான் சர்க்காரில் இருந்து வந்தவன், உட்கார்ந்தபடியே ஆழம் பார்க்கிறேன் என்று ஆகிவிட்டது. ஒரு பெரியவர் தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து, பக்கத்து வீட்டுக்காரன் தன் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டதாகவும், நான் ஒரு எட்டு வந்து அளந்து கொடுத்துவிட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். நான் இறங்க முடியாத நிலைமையில் இருக்கிறேன் என்றேன். அதிகாரிகள் எப்போதும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று முனகிக்கொண்டே போனார்.

வெயில் ஏறியது. புளிச்சோறு சாப்பிட்டோம். அதில் அன்றைக்கென்று உப்பும் காரமும் தாராளம். சுலோச்சனா ஒரு சொம்பு மோர் கொடுத்தாள். குடித்தேன். இன்னொன்று கொடுத்தாள். அதையும் குடித்தேன். மூன்றாவதை நீட்டியபோதுதான் அந்தக் குடம் எதற்காக உத்திரமேரூரில் இருந்து மூன்று பஸ் மாறி வந்திருக்கிறது என்று எனக்கு விளங்கியது. மோர் குடித்தவன் கொஞ்ச நேரத்தில் கரைக்குப் போய் ஒரு மறைவு தேடித்தானே ஆக வேண்டும்?

"போதும்," என்றேன்.

"தாகமா இருக்குமே."

"இல்ல."

"மூஞ்சி வாடிக் கீது. ஒரு வாய்."

"மோரும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

சொம்பைக் கவிழ்த்து வைத்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். கல்யாணம் ஆன நாளாக அவளுடைய ஒரு தந்திரத்தை அது முடிவதற்கு முன்பே நான் கண்டுபிடித்தது இதுதான் முதல் தடவை. கயிறு போயிற்று. மோர் போயிற்று. இனி அவளிடம் என்ன இருக்கிறது? ஏற்கெனவே குடித்த இரண்டு சொம்பும் உள்ளே கொஞ்சம் பேசத்தான் செய்தன. பல்லைக் கடித்துக்கொண்டேன். பொழுது சாயத் தொடங்கிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம். ஏரிக்கரைக் கொட்டகை என் மனக்கண்ணில் தெரிந்தது. அதில் நான் நிம்மதியாக உட்கார்ந்து ஆயுள் முழுக்கச் சீட்டுப் போடுவது தெரிந்தது. கூடையில் தலையை வைத்துக் கண்ணை மூடினேன்.

மணி கேட்டது. சைக்கிள் மணி.

என் தொழில்காரனுக்கு மணிச் சத்தம் குழந்தை அழுகிற சத்தம் மாதிரி. எந்தத் தூக்கத்திலும் தன் குழந்தையை அடையாளம் தெரியும். கண்ணைத் திறந்தேன். கால்வாய்க் கரையோரமாக ஒரு சைக்கிள் வந்துகொண்டிருந்தது. நடுக்கம்பி இல்லாத பச்சை வண்டி. அதன் மேல் முழங்கால் இரண்டும் இரண்டு திசையில் விரிய, வண்டி தெரியாத அளவுக்கு ஒரு பெரிய உடம்பு. பாட்சா பாய் லாரியில் கட்டை ஏற்றும் சடையப்பன். அவன் என்னைக் கடந்து போனபோது பின் மட்கார்டில் சிவப்பு எழுத்தைப் படித்தேன்.

வாடகைக்கு விட்ட வண்டி பெருநகரைத் தாண்டினாலே எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். இது இரண்டு தாலுக்காவைத் தாண்டி, கடல் காற்றில் துரு ஏற, உப்பு மண்ணில் போய்க்கொண்டிருக்கிறது. அதுவும் ஊரிலேயே ஒரே ஒரு லேடீஸ் வண்டி. அதுவும் சடையப்பனின் எடையில். பின் டயர் தரையோடு தரையாக அழுந்திக் கதறுவது எனக்கு இங்கேயே கேட்டது.

நான் இறங்கினேன் என்று சொல்ல முடியாது. இறங்குவதற்கு ஒரு யோசனை வேண்டும். குதித்தேன் என்றும் சொல்ல முடியாது. குதித்தவன் கரையில் போய் விழுவான். நான் இடுப்பளவு கறுப்புச் சேற்றில் நின்றுகொண்டிருந்தேன். அதிலிருந்து கையையும் காலையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு கரையேறி, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி, கேரியரைப் பிடித்து நிறுத்திவிட்டேன்.

"யாரக் கேட்டு எத்தாந்தே?"

சடையப்பன் பதறவில்லை. காலை ஊன்றிக்கொண்டு திரும்பிப் பார்த்தான்.

"அண்ணியக் கேட்டுத்தான், அண்ணாத்தே. அவங்கதான் நேத்து லாரில ஏத்தி உட்டாங்க. பொழுது சாஞ்சதும் கரையோரமா ஓட்டிக்கினு போ, மணிய மட்டும் உடாம அடின்னாங்க."

"மணி எதுக்கு?"

"நீங்க தூங்கினாலும் தூங்குவீங்கன்னாங்க."

நான் திரும்பினேன். சுலோச்சனா கூடையை மூடி, குடத்தைக் கவிழ்த்து, ஜமக்காளத்தை மடித்து முடித்திருந்தாள். படகில் இருந்து பதறாமல் பலகை மேல் கால் வைத்து இறங்கி வந்தாள். அவள் காலில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

"எறங்கிட்டீங்க," என்றாள்.

நான் வாய்க்குள் போன சேற்றைத் துப்பினேன்.

"கயித்தப் பாத்ததுமே எறங்கிடுவீங்கன்னு நெனச்சேன். இல்லாட்டி மோருக்கு எறங்குவீங்கன்னு நெனச்சேன். இவ்ளோ நேரம் தாங்குவீங்கன்னு எனக்கே தெரியாது. எதுக்கும் இருக்கட்டும்னுதான் வண்டியையும் அனுப்பி வெச்சேன்."

பாராட்டா, பரிகாசமா என்று பிரித்துப் பார்க்கும் நிலையில் நான் இல்லை. ஆனால் முழுதாகத் தோற்றுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். தோற்ற கையில் கூட ஒரு சீட்டு மிஞ்சும். ஓட்டலாம் என்றால் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். கற்றுக்கொடுப்பவன் நான். பாலன்ஸ் வருவதற்கு ஒரு வருஷம், பெடலுக்கு ஒரு வருஷம், திரும்புவதற்கு இரண்டு வருஷம் என்று இழுத்தால் கிழவி ஆகும் வரை கற்றுக்கொண்டே இருப்பாள்.

"வாக்குன்னா வாக்கு," என்றேன், சேற்றைத் துடைத்துக்கொண்டு. "நானே கத்துத் தரேன். ஏறு. சீட்ட நான் புடிச்சிக்கறேன். பயப்படாத. மொதல்ல ரெண்டு தபா உழுந்தாத்தான்..."

சீட்டைப் பிடிக்கக் கையை நீட்டினேன். சீட்டு அங்கே இல்லை. சுலோச்சனா புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகி, ஏறி, சவுக்குத் தோப்பு வரை போய், ஒரு கையை விட்டுவிட்டு அரை வட்டம் அடித்து, என் முன்னால் வந்து கச்சிதமாகப் பிரேக் பிடித்து நிறுத்தினாள். செங்கேணி படுத்த இடத்தில் இருந்து எழுந்து உட்கார்ந்தார்.

"எப்போ கத்துக்கின?"

"யூனியன் ஆபீஸ் அம்மா கத்துக் குடுத்தாங்க. நீங்க சாமான் வாங்கக் காஞ்சிபுரம் போற அன்னிக்கெல்லாம்."

"எங்க ஓட்டின?"

"பம்ப்செட் கொட்டாய் வரிக்கும் வந்து, நீங்க ஆடறதப் பாத்துட்டுத் திரும்பிடுவேன்."

"கரை மேல நான் பாக்கலியே."

"கரை மேல எதுக்கு வரணும்? நீங்க எல்லாரும் கரையத்தானே பாத்துக்கினு இருப்பீங்க. நான் கீழ வண்டிப் பாதைல வருவேன்." பெடலில் ஒரு காலை வைத்தாள். "போன வாரங்கூடப் பாத்தேன். நீங்கதான் கழுதை."

சடையப்பன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியதை நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இத்தனையும் எதற்கு, பேசாமல் ஓட்டிக்கொண்டே இருந்திருக்கலாமே என்று கேட்டேன். எத்தனை நாளைக்கு வயற்காட்டில் ஒளிந்து ஓட்டுவது, பஜாரில் ஓட்ட வேண்டாமா என்றாள். அதற்கு என் வாக்கு வேண்டுமாம். சாட்சியோடு.

கடல் பக்கத்தில்தான் இருக்கிறது, ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொன்னாள். நானும் வருகிறேன் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். வேட்டியில் வெள்ளை என்று சொல்ல ஒரு இடமும் இல்லை.

"இப்படியேவா? அலசிக் காயப் போடுங்க," என்றாள். "சாயந்தரம் வரிக்கும் வாடகை பேசியிருக்குது. படவு சும்மா கெடக்கக் கூடாது. நீங்க இருங்க."

மணியடித்துக்கொண்டு போய்விட்டாள். நான் சவுக்குத் தோப்பில் ஒரு மறைவுக்குப் போய் வந்தேன். செங்கேணி என் வேட்டியை வாங்கி அலசி, பாய்மரத்தில் கொடி மாதிரி கட்டிவிட்டார். இடுப்பில் அவருடைய துண்டு. வேலிக்காரப் பெரியவர் அந்தப் பக்கமாகத் திரும்பி வந்து, என் நிலைமையைப் பார்த்துவிட்டு, வேலியைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் போய்விட்டார்.

செங்கேணி போதும் என்று சொல்லும் வரை நான் அந்தப் படகை விட்டு இறங்கவே இல்லை.